மன நெருக்கடியில் வீடும் நட்பும் ஊரும்

தூத்துக்குடிக்கு வடக்கே, வைப்பாறு கடலைத் தொடும் இடத்தை ஒட்டியிருக்கிறது கீழவைப்பார். முத்துக்குளித்துறையின் பழைய ஏழு ஊர்களில் வைப்பாரும் ஒன்று. தூத்துக்குடிக் கடலில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்து முடிந்தது. அதற்குப் பிறகு இந்தக் கரையைக் காப்பாற்றி வருவது வள்ளமும் ஃபைபர் படகும் வலையும் சங்கு குளிப்பும்தான்.

இந்தக் கரையில் ஒரு வீட்டில் ஒருவருடைய மனநிலை திடீரென்று குலைந்துபோனால், அந்தக் குடும்பத்தின் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. மேற்கே போனால் புளியம்பட்டி அந்தோணியார் கோயில். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேம்பார், சாயல்குடி தாண்டிப் போனால் ஏர்வாடி தர்கா. தெற்கே போனால் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஒரு வழியோடு நிற்கிற குடும்பங்கள் குறைவு. மூன்று இடத்துக்கும் அலைந்து, நகையை அடகு வைத்து, தொழிலை விட்டு, கடைசியில் யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குள் முடங்கிப்போகிறவர்களே அதிகம்.

எந்த வழியில் போனாலும் நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு உடன் போகிறவர்கள் அம்மாவும் மனைவியும் தம்பியும் கூட்டாளியும்தான். மன நெருக்கடியில் நம் நாட்டில் முதலில் ஓடிவருவது ஆம்புலன்ஸ் அல்ல, சொந்தபந்தம். அவர்கள் என்ன செய்தால் உயிர் பிழைக்கிறது, என்ன செய்தால் நோய் முற்றுகிறது என்பதைப் பற்றி அரை நூற்றாண்டுக்கு மேலாக ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அவற்றில் முக்கியமான சில நம் தமிழ் மண்ணிலேயே நடந்தவை. அவற்றையெல்லாம் ஒருசேர வைத்துப் பார்த்தால் எனக்குத் தெளிவாகத் தெரிவது இது: துன்பப்படுகிறவரைத் தனியே விடக் கூடாது, அவரைப் பார்த்துக்கொள்கிற குடும்பத்தையும் தனியே விடக் கூடாது. முதலாவதை நம் குடும்பங்கள் பெரும்பாலும் செய்துவிடுகின்றன. இரண்டாவதை ஊரும் அரசும் இன்னும் சரியாகச் செய்யவில்லை.

எது நெருக்கடி?

பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், வயது வந்தோரில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதேனும் ஒரு மனநலச் சிக்கல் இருப்பது தெரிந்தது. பெரும்பாலான நோய்களில் பாதிக்கப்பட்டவர்களில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் சிகிச்சைக்கே வரவில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்கின்படி தமிழ்நாட்டில் தற்கொலையால் இறந்தவர்கள் 19,834 பேர். நாடு முழுவதும் லட்சத்துக்கு 12.4 என்றிருந்த விகிதம் இங்கே 25.9. ஆகவே இது எங்கோ யாருக்கோ வரும் துன்பம் என்று ஒதுக்கிவைக்க முடியாது. ஒவ்வொரு தெருவிலும் ஒரு வீட்டுக் கதவுக்குப் பின்னால் இது இருக்கிறது.

நெருக்கடி ஒரே முகத்தோடு வருவதில்லை. ஒருவர் பேச்சைக் குறைத்துக்கொண்டு, சாப்பாட்டைத் தள்ளிவைத்து, "என்னால எல்லாருக்கும் பாரம்" என்று சொல்லத் தொடங்குவார். தனக்குப் பிடித்த பொருளைக் கூப்பிட்டுக் கொடுப்பார், திடீரென்று கடன் கணக்கை எல்லாம் ஒப்படைப்பார். இன்னொருவர் நாலைந்து நாள் தூக்கமே இல்லாமல் உற்சாகமாகத் திரிவார், புதுப் படகு வாங்கப் போகிறேன் என்று ஊரெல்லாம் கடன் கேட்பார். வேறொருவர் தன்னைப் பற்றியே எல்லாரும் பேசுவதாகவும், சோற்றில் எதையோ கலந்துவிட்டதாகவும் நம்புவார், யாருமில்லாத இடத்தைப் பார்த்துப் பேசுவார். மூன்றும் வேறு வேறு நிலைகள். ஆனால் மூன்றிலும் பொதுவாக முதலில் கெடுவது தூக்கம். வீட்டில் இருப்பவர்கள் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டிய ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் தூக்கத்தைத்தான் சொல்வேன்.

மனநோய் போலத் தோன்றினாலும் உடனடியாக உடலுக்கு வைத்தியம் தேவைப்படும் நிலைகளும் உண்டு. கடற்கரை ஊர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது மிக அவசியம். நாள்தோறும் கடுமையாகக் குடித்து வந்தவர் தவக்காலத்துக்காகவோ வேண்டுதலுக்காகவோ, கையில் காசில்லாமலோ குடியைச் சட்டென்று நிறுத்தினால், இரண்டிலிருந்து நான்கு நாட்களுக்குள் கை நடுக்கம், வியர்வை, குழப்பம் என்று தொடங்கி, இல்லாத பூச்சியும் ஆளும் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கலாம், வலிப்பும் வரலாம். மந்திரிக்கக் கூட்டிக்கொண்டு போய் நேரத்தைக் கடத்தினால் உயிருக்கே ஆபத்து. குடியை நிறுத்த நினைக்கிறவரை மருத்துவரிடம் கூட்டிப்போய் மருந்தோடு நிறுத்த வைப்பதே பாதுகாப்பு. பிள்ளை பெற்ற சில நாட்களிலோ வாரங்களிலோ ஒரு பெண் தூக்கமின்றிக் குழம்பிப் பேசினால், பிள்ளையைப் பற்றி அச்சமூட்டும் எண்ணங்களைச் சொன்னால், அதுவும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை. அதைக் காத்து கருப்பு என்று சொல்லிக் காத்திருக்கக் கூடாது. கடும் காய்ச்சலில் வரும் பிதற்றலும் அப்படித்தான்.

குடும்பத்தைப் பற்றி ஆய்வுகள் சொல்வது

மனநோயாளியைக் குடும்பத்திடமிருந்து பிரித்து மதிலுக்குள் வைப்பதுதான் வைத்தியம் என்று உலகம் நம்பியிருந்த காலத்தில், அதற்கு எதிர்த்திசையில் நடந்த இரண்டு இடங்கள் இந்தியாவில் இருந்தன. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரம் அடித்து நோயாளிகளின் உறவினர்களைத் தங்கவைத்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1957-இல் பாகாயத்தில் தொடங்கிய மனநல மையத்தில், உறவினர் ஒருவர் உடனிருப்பது சிகிச்சையின் பகுதியானது. உடனிருந்தவர்கள் நோயைப் புரிந்துகொண்டார்கள், மருந்தின் தேவையை அறிந்தார்கள், பக்கத்துக் குடும்பத்தைப் பார்த்து, நமக்கு மட்டும் வந்த சாபம் இல்லை இது என்று உணர்ந்தார்கள். வீடு திரும்பியபோது நோயாளியோடு கூடவே நோயைப் பற்றிய அறிவும் வீட்டுக்கு வந்தது.

அதே காலத்தில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர் ஒரு விநோதத்தைக் கவனித்தார். மனச்சிதைவு நோயிலிருந்து தேறி வீட்டுக்குப் போனவர்களில் சிலர் சீக்கிரமே மறுபடி நோயில் விழுந்தார்கள். அவர்கள் திரும்பிப்போன வீட்டின் சூழலுக்கும் இதற்கும் தொடர்பு இருந்தது. 1972-இல் அவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வில், ஓயாத குறைகூறலும் வெறுப்பும் அளவுமீறிய பதற்றமும் இருந்த வீடுகளுக்குப் போனவர்களில் 58 சதவீதம் பேருக்கு ஒன்பது மாதத்துக்குள் நோய் திரும்பியது. அமைதியான வீடுகளுக்குப் போனவர்களில் இது 16 சதவீதம்தான். பின்னர் சண்டிகரில் செய்யப்பட்ட ஆய்வில், லண்டனைவிட இங்கே இப்படிக் குறைகூறும் குடும்பங்கள் குறைவாக இருப்பது தெரிந்தது.

இதைத் தவறாகப் புரிந்துகொண்டு, குடும்பம்தான் நோயைக் கொண்டுவந்தது என்று பழி போடக் கூடாது. நோய் வருவதற்கு மூளையின் வேதியியல், பரம்பரை, வாழ்க்கை நெருக்கடி என்று பல காரணங்கள் உண்டு. வந்த நோய் தணிவதிலும் திரும்புவதிலும் வீட்டின் பேச்சுக்குப் பங்கு இருக்கிறது என்பதே ஆய்வு சொல்வது. "சோம்பேறி, சும்மா நடிக்கான்" என்ற சொல்லும், "எம்புள்ளைய ஒரு நிமிசம் விட்டுட்டு இருக்க மாட்டேன்" என்று மூச்சுமுட்டச் சூழ்ந்துகொள்ளும் பாசமும் ஒரே மாதிரி தீங்கு செய்யும். வேலைக்குக் கிளம்பாமல் படுத்தே கிடப்பது சோம்பல் அல்ல, நோயின் அறிகுறி என்று வீட்டாருக்குப் புரிந்துவிட்டால் பேச்சு தானாகவே மாறும்.

சென்னையில் டாக்டர் ஆர். தாரா குழுவினர் 1980-களின் தொடக்கத்தில், முதல்முறை மனச்சிதைவுக்கு ஆளான 90 பேரைத் தேர்ந்து பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். குடும்பத்தோடு வாழ்ந்து மருந்தும் வேலையுமாக நல்ல நிலைக்கு வந்தவர்கள் அவர்களில் ஏராளம். ஆனால் மனச்சிதைவு ஆய்வு அமைப்பான ஸ்கார்ஃபின் ஆய்வுகள் இன்னொரு உண்மையையும் எடுத்துக்காட்டின. நோய் வந்த ஆணோடு மனைவி வாழ்கிறாள். நோய் வந்த பெண்ணைக் கணவன் பிறந்த வீட்டில் கொண்டு விட்டுவிடுகிறான். அவளை வயதான தாய் தகப்பன் பார்க்கிறார்கள். "எங்களுக்குப் பொறவு இவளுக்கு யாரு?" என்பதே அவர்களுடைய ஒரே கேள்வி. குடும்பம் என்று பொதுவாகச் சொல்லும்போது, அந்தச் சொல்லுக்குள் பாரம் சுமக்கிறவள் பெரும்பாலும் ஒரு பெண்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.

அந்த நேரத்தில் என்ன செய்வது?

படகில் ஒன்றாகத் தொழிலுக்குப் போகிற கூட்டாளி இரண்டு நாளாகக் கரைக்கே வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். மீன்பாடு சரியில்லை, படகு முதலாளியான சம்மாட்டியிடம் வாங்கிய முன்பணம் அப்படியே நிற்கிறது. அவன் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து, "ஏன்டா இப்படி இருக்க? ஒன்னையவிடக் கஷ்டப்படுறவன் எத்தன பேரு இருக்கான்" என்று தொடங்கினால் அந்தக் கதவு அப்போதே மூடிக்கொள்ளும். "மக்கா, ரெண்டு நாளா ஒறங்குனியா? என்னமோ பாரமா இருக்க மாதிரி தெரியுத. நான் இங்கனதான் இருக்கேன், பைய சொல்லு" என்று சொல்லிவிட்டு, கிழிந்த வலையை மடியில் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். ஆண்கள் நேருக்கு நேர் பார்த்து மனம் விட்டுப் பேசுவது கஷ்டம். கை ஒரு வேலையில் இருக்கும்போது வாய் திறக்கும்.

அவன் பேச்சில் சாவைப் பற்றிய சாடை இருந்தால் சுற்றி வளைக்காமல் கேட்டுவிட வேண்டும்: "செத்துரலாம்னு தோணுதா மக்கா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்தது போல ஆகிவிடுமோ என்று எல்லாரும் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை. கேட்பதால் எண்ணம் உண்டாவதில்லை என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. பல பேருக்கு, யாரோ ஒருவர் கேட்டுவிட்டார் என்பதே பெரிய ஆறுதல். ஆமாம் என்று பதில் வந்தால் பதறவோ திட்டவோ, பெற்றவளை நினை என்று சத்தியம் வாங்கவோ வேண்டாம். "சொன்னது நல்லதா போச்சு. ஒன்னைய தனியா விட மாட்டேன்" என்று சொல்லி, சொன்னபடியே கூட இருக்க வேண்டும். ரகசியமாக வைத்திருக்கிறேன் என்ற வாக்கை மட்டும் கொடுக்கக் கூடாது. அவன் நம்புகிற இன்னொருவரையும் உடனே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த வேலை, ஆபத்து தரக்கூடிய எதையும் அவர் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துவது. தற்கொலை எண்ணத்தின் உச்சம் பெரும்பாலும் அலைபோல எழுந்து சில மணி நேரத்தில் தணியும். அந்த நேரத்தைக் கடத்திவிட்டால் உயிர் நிலைக்கும். இதற்குப் பெரிய சான்று இலங்கை. 1995-இல் லட்சத்துக்கு 47 என்று உலகின் உச்சத்தைத் தொட்ட அங்கத்தியத் தற்கொலை விகிதம், கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்ததைத் தொடர்ந்து பாதிக்கும் கீழே இறங்கியது. டாக்டர் லட்சுமி விஜயகுமார் குழுவினர் கடலூர் மாவட்டக் கிராமங்களில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொதுவான ஒரு பெட்டகத்தில் பூட்டிவைக்கும் முறையை உண்டாக்கிப் பார்த்ததும் இதே நோக்கத்தில்தான். ஒரு நாடு சட்டத்தால் செய்ததை ஒரு வீடு ஒரு பூட்டால் செய்யலாம்.

நெருக்கடி வேறு விதமாக இருந்து, ஒருவர் கற்பனைக் குரல்களுக்குப் பயந்து கத்திக்கொண்டிருந்தால், முதலில் கூட்டத்தைக் கலைக்க வேண்டும். நம் தெருக்களில் ஒரு சத்தம் கேட்டால் ஐம்பது பேர் கூடுவார்கள், ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள், பிள்ளைகள் செல்போனில் படம் எடுப்பார்கள். பயந்துபோயிருக்கும் மனசுக்கு அந்தக் கூட்டமே எதிரி. அவர் அதிகம் நம்புகிற ஒரே ஒருவர் மட்டும் மெதுவான குரலில், சின்னச் சின்னச் சொல்லில் பேச வேண்டும். அவருக்குக் கேட்கிற குரல் பொய் என்று வாதாடவும் வேண்டாம், எனக்கும் கேட்கிறது என்று ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். "ஒனக்குப் பயமா இருக்குன்னு தெரியுது. இங்க ஒன்னைய யாரும் ஒண்ணும் செய்ய விட மாட்டோம்" என்று அவருடைய பயத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். வாசலை மறித்து நிற்காமல், தண்ணீர் கொடுத்து, டிவியை நிறுத்தி, அவருக்கும் நமக்கும் இடையே ஓரிரண்டு கை இடம் விட்டு இருப்பது இருவருக்கும் பாதுகாப்பு.

எவரிடம் உதவி கேட்பது? 2022 அக்டோபர் 10-இல் தொடங்கிய டெலிமானஸ் தொலைபேசி மனநலச் சேவையின் 14416 என்ற எண்ணை இரவும் பகலும் இலவசமாக அழைத்துத் தமிழில் பேசலாம். பாதிக்கப்பட்டவர்தான் அழைக்க வேண்டும் என்பதில்லை, வீட்டார் அழைத்து என்ன செய்யலாம் என்றும் கேட்கலாம். மாநில அரசின் 104 எண்ணும் உண்டு. சென்னையில் 1986-இல் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ஸ்நேகா அமைப்பின் தன்னார்வலர்கள் 044-24640050 என்ற எண்ணில் பொறுமையாகக் கேட்கிறார்கள். உயிருக்கு ஆபத்தென்றால் 108.

வேண்டுதலும் வைத்தியமும்

புளியம்பட்டிக்குப் போகிற குடும்பத்தைப் பார்த்து மூடநம்பிக்கை என்று கைகழுவுவது எளிது. பிரெஞ்சு மானுடவியலாளர் பிரிஜித் செபாஸ்தியா அங்கே நீண்ட காலம் இருந்து பார்த்து ஒரு நூலே எழுதியிருக்கிறார். நோயாளியோடு குடும்பமே வந்து வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கோயிலைச் சுற்றித் தங்குகிறது. அங்கே அவர்களை யாரும் விரட்டுவதில்லை, வெட்கப்பட வைப்பதுமில்லை. நோயை "வந்தது" என்று சொல்ல முடிகிறது, "நீதான் காரணம்" என்று சொல்ல வேண்டியதில்லை.

திண்டுக்கல் மாவட்டத்தில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 பேரை மனநல மருத்துவர்கள் ஆராய்ந்து 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். மருந்தில்லாமல் சராசரியாக ஆறு வாரம் உறவினரோடு அங்கே தங்கியவர்களின் நோய்க்குறிகள் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தன. அங்கே பூசாரி பெரிதாகச் சடங்கு எதையும் செய்யவில்லை. வந்தவர்கள் கோயில் வேலைகளில் கைகொடுத்தார்கள், உடன் வந்தவரோடு அமைதியாக இருந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாத சிறிய ஆய்வு அது, ஆகவே கோயில் மருந்துக்கு ஈடு என்று அதிலிருந்து முடிவு கட்ட முடியாது. ஆனால் பரிவான இடமும் உடன் ஓர் ஆளும் எவ்வளவு செய்யும் என்பதை அது காட்டுகிறது.

அதே நம்பிக்கையின் பெயரால் கொடுமை எங்கே முடியும் என்பதை ஏர்வாடி காட்டியது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை மொய்தீன் பாதுஷா மனநலக் காப்பகத்தின் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் பூட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது, ஏர்வாடியில் இருந்த இத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. நடத்தியவர்களின் பேராசையும் அரசின் பாராமுகமும் குற்றம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த 28 பேரையும் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது யார்? பெரும்பாலும் அவர்களைப் பெற்றவர்களும் உடன்பிறந்தவர்களுமே. அன்பில்லாமல் அல்ல, ஆண்டுக்கணக்கில் ராத்திரி தூங்காமல் காவல் இருந்து, ஊரின் ஏச்சையும் வாங்கி, மருத்துவர் எங்கே என்று தெரியாமல், கடைசியில் கையாலாகாமல் கொண்டுவிட்டவர்கள் அவர்கள். தனியே விடப்பட்ட குடும்பங்களின் களைப்புதான் அந்தச் சங்கிலியாக மாறியது.

பின்னாளில் ஏர்வாடி தர்காவிலேயே அரசு மனநல மருத்துவர்கள் வந்து பார்க்கும் "தவா-துவா" திட்டம் தொடங்கியது. மருந்தும் வேண்டுதலும் ஒரே இடத்தில். இதில் பெரிய பாடம் இருக்கிறது. கெபியில் மெழுகுவர்த்தி ஏற்றுகிற தாயிடம், ஏற்றாதே என்று சொல்ல வேண்டியதில்லை. ஏற்றிவிட்டு மாத்திரையும் கொடுங்கள் என்று பங்குத்தந்தையே பீடத்திலிருந்து சொன்னால், எந்த மருத்துவர் சொல்வதையும்விட அது அதிகம் எடுபடும்.

சட்டம் குடும்பத்துக்குத் தரும் துணை

2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 பலருக்குத் தெரியாது. எந்த விதத்திலும் யாரையும் சங்கிலியிடக் கூடாது என்று அது திட்டவட்டமாகச் சொல்கிறது. உயிருக்கு ஆபத்தான நேரத்தில் மனநல மருத்துவர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பதிவு பெற்ற எந்த மருத்துவரும், ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவர் உட்பட, 72 மணி நேரம் வரை அவசர சிகிச்சை தரலாம், மனநலப் பிரிவுள்ள மருத்துவமனைக்கு அனுப்பியும் வைக்கலாம். கீழவைப்பார் போன்ற ஊருக்கு இது பெரிய உதவி. நடு ராத்திரியில் மாவட்டத் தலைநகருக்கு வண்டி கிடைக்கவில்லை என்றால் பக்கத்து அரசு மருத்துவமனையிலேயே முதல் சிகிச்சையைக் கேட்டுப் பெறலாம்.

நோயாளி தெளிவாக இருக்கும் காலத்தில், மறுபடி முடியாமல் போனால் தனக்கு எப்படிச் சிகிச்சை வேண்டும், எப்படி வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம். தன் சார்பாக முடிவெடுக்க ஒருவரை நியமிக்கலாம், அவர் சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை, நண்பராகவும் இருக்கலாம். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 115-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், முயன்றதற்கே தண்டனை கொடுத்த பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு இல்லை. போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து மருத்துவமனையில் பொய் சொல்கிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. பொய் சொன்னால் மருத்துவர் தப்பான நோய்க்கு மருந்து கொடுப்பார். உண்மையைச் சொல்லுங்கள்.

குடும்பமே காயமானால்

இவ்வளவு நேரம் குடும்பத்தைத் துணையாகவே பேசினோம். எல்லா வீடும் அப்படியில்லை. 2022-ஆம் ஆண்டுக் கணக்கில் நாடு முழுவதும் தற்கொலைக்குக் காரணமாகப் பதிவானவற்றில் முதலிடம் குடும்பப் பிரச்சினைகளுக்கு, 31.7 சதவீதம். குடித்துவிட்டு அடிக்கிற கணவன், சாதி பார்த்துக் காதலைப் பிரிக்கிற தகப்பன், மதிப்பெண்ணுக்காகப் பிள்ளையைக் கரித்துக்கொட்டுகிற தாய் இருக்கிற வீட்டில், "வீட்டுல மனசு விட்டுப் பேசு" என்ற அறிவுரை பயனற்றது. அங்கே வழி திறப்பது நட்புதான். பக்கத்து வீட்டு அக்கா, பள்ளிக்கூடத்து டீச்சர், கூடப் படித்தவள், கோயில் பங்கின் சிறு குழுவான அன்பியத்தில் பக்கத்தில் உட்காருகிறவர் என யாராவது ஒருவர் போதும். பெண்களுக்கான 181 எண்ணையும், பிள்ளைகளுக்கான 1098 எண்ணையும் அவர்கள் தெரிந்துவைத்திருந்தால் இன்னும் நல்லது. அடிபடுகிற பெண்ணுக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்து அதே வீட்டில் விடுவது வைத்தியம் ஆகாது. நெருக்கடிக்குக் காரணமான இடத்திலிருந்து அவளுக்குப் பாதுகாப்பு தேடித்தருவதே முதல் உதவி.

கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் இந்த வரிசையில்தான் சேரும். நோயை மறைத்துச் செய்யும் கல்யாணத்தால் இரண்டு வாழ்க்கை உடைகிறது. நோயை வெளிப்படையாகச் சொல்லி, மருந்தோடு நிலைப்பட்ட பிறகு நடக்கும் கல்யாணங்கள் நன்றாக நடக்கவும் செய்கின்றன.

தணிந்த பிறகு தொடங்குகிற வேலை

மருத்துவமனையிலிருந்து திரும்பிய அன்றோடு எல்லாம் முடிந்தது என்று ஊர் நினைக்கிறது. உண்மையில் அதற்குப் பின் வரும் வாரங்களும் மாதங்களுமே அதிக ஆபத்தானவை. இதில் சென்னைக்கும் கொழும்புக்கும் பங்கிருந்த ஓர் ஆய்வை ஒவ்வொருவரும் அறிய வேண்டும். உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்த 1,867 பேரைப் பின்தொடர்ந்தது. ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மறு பாதிக்கு அதோடு ஒரு மணி நேர உரையாடலும், 18 மாதத்துக்குள் ஒன்பது முறை நேரிலோ போனிலோ தொடர்புகொண்டு எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரிப்பதும். முடிவில் முதல் பிரிவில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள், இரண்டாம் பிரிவில் 0.2 சதவீதம்.

ஒன்பது விசாரிப்பு. அதற்குப் பெரிய படிப்போ விலையுயர்ந்த மருந்தோ தேவைப்படவில்லை. நம் ஊரில் நோய்விட்டு வந்தவரைப் பார்க்க ஆரஞ்சுப் பழத்தோடு போகிற வழக்கம் உண்டு. மனம் முடியாமல் வந்தவரைப் பார்க்க மட்டும் யாரும் போவதில்லை. என்ன பேசுவது என்று தெரியவில்லை என்பார்கள். தெரிய வேண்டாம். போய் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வாருங்கள், பத்து நாள் கழித்து மறுபடி போங்கள்.

மருந்தைப் பற்றியும் ஒரு சொல். கொஞ்சம் தேறியதும் மருந்தை நிறுத்துவதே நோய் திரும்புவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று. மாத்திரை தூக்கத்தைக் கொடுக்கிறது, உடம்பு கனக்கிறது, கடலில் கண் சொருகுகிறது என்றால் அதை மருத்துவரிடம் சொல்லி அளவையோ நேரத்தையோ மாற்றிக்கொள்ளலாம். படகுக்குப் போகும் நேரத்தை மருத்துவரிடம் சொல்வது குடும்பத்தின் வேலை. தேறி வருகிறவருக்கு வேலையைப் போல மருந்து வேறில்லை. தனியாகக் கடலுக்கு அனுப்ப வேண்டாம், முதலில் கரையில் வலை கட்டவும் ஏலக்கூடத்தில் கணக்குப் பார்க்கவும் விடலாம். கூலியைக் குறைக்காமல் கொடுக்க வேண்டும். பரிதாபத்துக்குக் கொடுக்கிற காசைவிட, உழைத்து வாங்கிய பங்கு ஒருவரை நிமிர்ந்து நடக்கவைக்கும்.

பார்த்துக்கொள்கிறவரை யார் பார்ப்பது?

ஒரு மனநோயாளியை வருடக்கணக்காகப் பார்க்கிற தாயும் நாளடைவில் தூக்கமின்மைக்கும் மனச்சோர்வுக்கும் ஆளாகிறாள். இதை முதலிலேயே உணர்ந்தவர் இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவரான டாக்டர் எம். சாரதா மேனன். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையை நடத்தியவர், 1984-இல் ஸ்கார்ஃப் அமைப்பை உண்டாக்கியவர், நோயாளிகளின் குடும்பத்தார் ஒன்றுகூடி ஒருவரை ஒருவர் தாங்கிக்கொள்ளும் ஆஷா என்ற அமைப்புக்கும் துணைநின்றவர். யாழ்ப்பாணத்தில் டாக்டர் தயா சோமசுந்தரம் போர்க்காலத்தில் கண்டதும் இதுவே: ஒட்டுமொத்தச் சமூகமும் காயப்பட்டிருக்கையில் ஒவ்வொருவரையும் தனித்தனியே மருத்துவரிடம் அனுப்பித் தீர்க்க முடியாது, ஊரிலேயே உள்ளவர்களைப் பயிற்றுவிக்க வேண்டும். 2004 சுனாமிக்குப் பின் சென்னைக் கடற்கரையில் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் உறவை இழந்தவர்களின் வீட்டுக்குப் போய்ப்போய் வந்ததால் அவர்களின் மனத்துயர் குறைந்ததை லட்சுமி விஜயகுமார் பதிவு செய்திருக்கிறார். ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா பாட்டிமாரைப் பயிற்றுவித்து மரநிழல் பெஞ்சில் உட்காரவைத்ததும் இதே வழிதான். மருத்துவர் குறைவாக உள்ள எல்லா இடத்திலும் இந்த வழிதான் பலன் தந்திருக்கிறது.

கீழவைப்பார் இதற்குப் புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. கரைவலையை ஒரே ஆள் இழுப்பதில்லை, ஊர் கூடித்தான் இழுக்கிறது. அதேபோல ஒரு வீட்டில் நெருக்கடி என்றால் இன்றைக்கு ராத்திரி உடனிருப்பவர் ஒருவர், நாளைக்கு மருத்துவமனைக்கு வண்டி கொண்டுவருகிறவர் ஒருவர், பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறவள் ஒருத்தி, மாத முடிவில் மருந்து வாங்கி வருகிறவர் ஒருவர் என்று பிரித்துக்கொள்ளலாம். அன்பியமும் மகளிர் சுய உதவிக் குழுவும் ஊர்க் கமிட்டியும் ஏற்கெனவே இருக்கின்றன. மாவட்ட மனநலத் திட்டத்தின் குழுவை அழைத்து ஆண்டுக்கு ஒரு நாள் இவர்களுக்குப் பயிற்சி கேட்கலாம். மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் 61 நாள் கரையில் நிற்கின்றன. வருமானமின்மையும் கடனும் குடியும் ஒன்றுசேரும் அந்த நாட்களிலேயே இதைச் செய்யலாம். கோயில் அறிவிப்புப் பலகையிலும் ஏலக்கூடத்துச் சுவரிலும் 14416 என்ற எண்ணை எழுதிவைக்க ஒரு தூரிகையும் கொஞ்சம் பெயின்டும் போதும்.

அரசிடமும் கேட்க வேண்டும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் ஊனமாக ஏற்கிறது. அதற்கான சான்றிதழுக்காக ஒரு தாய் பலமுறை பஸ் ஏறும் நிலை மாற வேண்டும். தாலுகா மருத்துவமனையில் மனநல மருந்து தீர்ந்துபோகாமல் இருக்க வேண்டும். இவை உரிமைகள், கேட்டு வாங்க வேண்டியவை.

சங்கிலியைச் சட்டம் தடை செய்துவிட்டது. ஆனால் சங்கிலியை எடுக்கத் தூண்டிய களைப்பைச் சட்டத்தால் தடை செய்ய முடியாது. அதைத் தணிக்கப் பக்கத்து வீட்டால் முடியும், கூட்டாளியால் முடியும், ஊரால் முடியும். ஒரு வீட்டின் கதவு பல நாளாகச் சாத்தியே கிடக்கிறது என்று நமக்குத் தெரிந்தால், என்னவென்று கேட்கப் போக வேண்டியவர்கள் நாம்தான், அதுவும் ஒருமுறை போய் நிறுத்திவிடாமல் திரும்பத் திரும்ப.